இருக்கிற காப்பி தீரட்டும்

பாண்டி பஜாருக்குப் பின்தெருவில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் பதிப்பகம் இருந்தது. இருபத்தாறு வருஷம் அங்கே மெய்ப்பு பார்த்தேன். அச்சுக்குப் போகும் முன் புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை களைகிற வேலை. இப்போது அந்த மாடி முழுக்கப் புடவை மூட்டை. நான் உட்கார்ந்திருந்த ஜன்னல் ஓரத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எதிர் நடைபாதையில் நடந்துவிடுகிறேன்.

"இ-புக் வந்து உங்க கம்பெனியை முடிச்சிடுச்சாமே?" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கேட்கிற கேள்வி. ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உள்ளதைச் சொல்வதானால் ஒரே ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அதில் என் பெயருக்கு நல்லது எதுவும் இல்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் வெளிவந்ததும் முதல் பிரதியை எடுத்து, பழுப்பு அட்டை போட்டு, இரும்பு பீரோவில் வைப்போம். அதற்கு ஆபீஸ் காப்பி என்று பெயர். பின்னால் யார் எந்தப் பிழையைக் கண்டுபிடித்தாலும் அந்தப் பிரதியில்தான் குறிக்க வேண்டும். எழுத்தாளருக்கு எதையாவது மாற்றத் தோன்றினால் மாடியேறி வந்து, பென்சிலால் ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுப் போவார். அடுத்த பதிப்பு போடும்போது அதைப் பார்த்துத்தான் அச்சுக் கோக்க வேண்டும் என்பது முதலாளியின் அப்பா காலத்துச் சட்டம். பீரோ சாவி என்னிடம் இருந்தது. அந்தச் சாவி இடுப்பில் இருக்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும்.

ஆனால் அடுத்த பதிப்பு வந்த புத்தகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நூலகங்களுக்குப் போனது போக மிச்சமெல்லாம் கட்டுக் கட்டாகக் கோடவுனில் கிடக்கும். யார் கேட்டாலும் முதலாளி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "இருக்கிற காப்பி தீரட்டும், ஜம்முனு போட்டுருவோம்." மோசமான மனிதர் இல்லை. அடுத்த பதிப்பு என்று ஒன்று வரும் என்று அவரும் நம்பினார். அதுதான் கஷ்டம்.

மயிலாப்பூரில் கோயில் குளத்துக்கு அருகே ஒரு சந்தில் இருந்த மாமி எங்களிடம் ஒரே ஒரு நாவல் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வேலைக்குச் சேர்ந்த ஏழாம் வருஷம் அந்த நாவல் வந்தது. அக்கா, தங்கை இருவரின் கதை. அதில் பதினான்காம் அத்தியாயத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். தங்கை கூடவே இருக்கிறாள். நாக்பூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போகிறது. பெண்ணுக்குப் பரீட்சை என்று சொல்லி அக்கா வராமல் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் வந்து, அம்மாவின் பட்டுப்புடவை எங்கே என்று கேட்கிறாள். நான் மெய்ப்பு பார்க்கும்போதே எனக்கு அந்த அக்காவின் மேல் ஆத்திரமாக வந்தது. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்.

அந்த அக்கா கற்பனைப் பாத்திரம் இல்லை, மாமியின் சொந்த அக்கா என்பது நாவல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. படித்த உறவினர் அத்தனை பேருக்கும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாம். அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒரு வருஷம் கழித்து மாமி மாடியேறி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பழைய பக்கத்து வீட்டுக்காரம்மாளை ஒரு கல்யாணத்தில் பார்த்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அம்மா அந்தப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து நாக்பூருக்குப் பேசியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை, பேத்தியின் பரீட்சை முடிகிற வரைக்கும் வரக்கூடாது, சின்னவள் பயந்தாங்கொள்ளி, அவள் கூப்பிட்டால் நம்பாதே, என் மேல் சத்தியம் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அம்மா போன பிறகு அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. பட்டுப்புடவை விஷயம் மாமியின் சொந்தச் சரக்கு. கதைக்கு நன்றாக இருக்கும் என்று சேர்த்தது.

மாமி நேரே போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதற்குள் அக்கா கணவரை இழந்து, திருவான்மியூரில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அக்கா சொன்ன பதிலை மாமி என்னிடம் அப்படியே சொன்னார்.

"என்னைப் பத்தி ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுத்துட்டு, எங்கிட்ட மட்டும் தனியா வந்து மன்னிப்புக் கேக்கறியா? அச்சுல போட்டயோன்னோ, அச்சுலயே மாத்து. அப்புறம் வா."

நான் பீரோவைத் திறந்து ஆபீஸ் காப்பியை எடுத்துக் கொடுத்தேன். மாமி அன்று முழுக்க என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுதினார். நான்கு பக்கங்களைக் குறுக்கே அடித்தார். ஓரத்தில் இடம் போதாமல், இரண்டு தாள் எழுதி ஒட்டினார். கடைசியில் கையெழுத்தும் தேதியும் போட்டார். பிறகு முதலாளியின் அறைக்குப் போனார்.

"இருக்கிற காப்பி தீரட்டும் மாமி, ஜம்முனு போட்டுருவோம்" என்றார் முதலாளி.

"எப்போ தீரும்?"

"தீந்துரும்."

அதன்பிறகு வருஷா வருஷம் மார்கழியில் மாமி வருவார். வந்து பத்து காப்பி வாங்கிக்கொண்டு போவார். யாருக்காவது பரிசு கொடுக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஒருமுறை உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனபோதுதான் கண்டேன். கட்டிலுக்கு அடியில், பரணில், பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் எல்லாம் அவருடைய நாவலே அடுக்கியிருந்தது.

"தீர்த்துட்டா போடுவேளோன்னோ?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடவுனில் ஒரு கட்டு தீர்ந்தால் மூலையிலிருந்து இன்னொரு கட்டு கிளம்பும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அடுத்த வருஷம் கண்டிப்பா பண்ணிருவோம்மா" என்றார். அந்த வருஷம் காகித விலை ஏறிவிட்டது. அதற்கடுத்த வருஷம் வேறு ஏதோ. இப்படியே பதினெட்டு வருஷம் போனது.

பிறகு முதலாளி மாடியைக் காலி செய்வதென்று முடிவெடுத்தார். "பதிப்பகத்தை மூடலம்மா, இடத்தைத்தான் விடறோம். இனிமே எல்லாம் போன்லதான்" என்றார். கொஞ்சம் நல்ல புத்தகங்களாகப் பார்த்து மின்நூலாக்க ஏற்பாடாயிற்று. மாமியின் நாவலும் பட்டியலில் இருந்தது. நான்தான் சேர்த்தேன்.

மாமிக்குப் போன் செய்து சொன்னேன். அதற்குள் அவருக்குக் கிட்னி கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

"இதுல காப்பி தீரணும்னு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இதுல காப்பியே கிடையாது மாமி."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறார் என்று புரிந்தது. இ-புக்கைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்து நானும் திட்டியிருக்கிறேன். அன்று திட்டத் தோன்றவில்லை. பதினெட்டு வருஷமாக நாங்கள் தூக்க முடியாத பாரத்தை அது ஒரு கையால் தூக்கிப்போட்டுவிடும் போல இருந்தது.

ஸ்கேன் செய்கிற ஆள் வடபழனியிலிருந்து வந்தார். பீரோவில் இருந்த புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, "இன்னா மேடம், ஒரே கிறுக்கலா கீது" என்றார். பிறகு, "இத்த அப்டியே வெக்க முடியாது. முதுகை வெட்டி தாள் தாளா பிரிச்சாத்தான் மெஷின்ல போவும்" என்றார்.

"வெட்டினதை மறுபடி தைச்சுத் தருவீங்களா?"

"தெச்சு இன்னா பண்ணப் போறீங்கோ? எடைக்குப் போட்ருங்கோ."

ஆபீஸ் காப்பிகளையே கொடுத்துவிடுங்கள் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். நானும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மாமியின் பிரதியைக் கையில் எடுத்ததும் என்னால் முடியவில்லை. ஒட்டிய தாள் ஓரத்தில் அவருடைய பென்சில் எழுத்து நீட்டிக்கொண்டு நின்றது. கத்தி அதன் மேல்தான் இறங்கும். கோடவுனில் மிஞ்சியிருந்த கட்டிலிருந்து புதுப் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திருத்தாத இந்தப் பிரதியை வெட்டட்டும், தட்டச்சு செய்து வந்ததும் ஆபீஸ் காப்பியைப் பார்த்துத் திருத்தத்தைச் சேர்த்துவிடலாம் என்பது என் கணக்கு. ஆபீஸ் காப்பியைத் துணிப்பையில் போட்டு மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்குக் கொண்டுபோய், என் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன்.

அடுத்த சில மாதங்கள் இடம் மாற்றுகிற களேபரத்தில் போயின. அதற்கிடையே கோப்புகள் வரத் தொடங்கின. எனக்கு ஆபீஸ் இல்லை, வீட்டிலேயே மேஜை போட்டுக்கொண்டேன். வெட்டிய தாள்கள் ஒரு பக்கம், திரை ஒரு பக்கம். ஒன்றை முடித்ததும் அடுத்தது. மாமியின் நாவலும் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம், கால், கொம்பு எதையும் விடவில்லை. தாளில் உள்ளபடியே திரையில் இருக்கிறதா என்று வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். பதினான்காம் அத்தியாயத்தையும் அப்படியே பார்த்தேன். அக்கா பட்டுப்புடவை எங்கே என்று கேட்டாள். அந்த வரியில் ஒரு கேள்விக்குறி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டேன்.

என்ன ஆயிற்று உனக்கு என்று பிறகு முதலாளி கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. மறந்துபோனேன். இத்தனை வருஷம் தாளில் இருப்பது திரையில் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது. கதை அதற்குள் போகவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கும் அந்த பீரோவுக்கும் நாலடி தூரம்.

மின்நூல் வெளிவந்த அன்று காலை மாமிக்குப் போன் செய்தேன். "வந்தாச்சு மாமி." அவர் உடனே அக்காவை அழைத்திருக்கிறார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. "மாத்திட்டேன் அக்கா. ஊரே பாக்கற மாதிரி மாத்தியாச்சு. கேளேன்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவருடைய பேத்தி தன் போனில் புத்தகத்தை வாங்கி, அதையே வாசிக்க வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் போனே உரக்கப் படித்துவிடுகிறதே. அக்கா காலையிலிருந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். பேத்தி காபி கொண்டுவந்தபோது கூட நிறுத்தச் சொல்லவில்லையாம். பதினான்காம் அத்தியாயம் சாயங்காலம் வந்தது.

அக்கா தங்கைக்குப் போன் செய்து, "அதேதான் இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் விஷயம் தெரிந்து நான் மயிலாப்பூருக்கு ஓடினேன். படியேறும்போது என்னென்னவோ திட்டுகளை எதிர்பார்த்தேன். ஒவ்வொன்றும் எனக்கு வேண்டியிருந்தது. மாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த களைப்பு.

"உக்காரும்மா" என்றார். "நீ பாத்த புஸ்தகத்துல ஒரு தப்பு கூட இருக்காதுன்னு நான் அக்காட்ட சொல்லியிருந்தேன்."

அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த கட்டுகளைக் காட்டி, "இதையெல்லாம் யாராவது எடுத்துண்டு போனா தேவலை. பெருக்க முடியலை" என்றார்.

அன்றே வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, ஒட்டிய தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து கோப்பை மாற்றினேன். முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. மறுநாள் இணையக் கடையில் திருத்திய நாவல் இருந்தது. அடுத்த பதிப்பு அவ்வளவுதான். அதற்காகவா அந்தப் பெண்மணி தன் புத்தகத்தையே பத்துப் பத்தாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டார் என்று நினைக்கும்போது எங்கள் தொழிலின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. பதிப்பகங்களுக்கு இனி எதிர்காலம் உண்டா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நான் போவதில்லை. இருந்த காலத்தில் என்ன செய்தோம் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

மாமி அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. பேத்தியின் போனில் பழையதே இருந்தது. அழித்துவிட்டு மறுபடி இறக்கினால்தான் புதியது வரும். அதை யார் போய்ச் சொல்வது? "நீ போகாதே. கொஞ்ச நாள் ஆகட்டும். அவ கோவம் எனக்குத் தெரியும்" என்றார் மாமி. நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

ஆறு வாரத்தில் மாமி போய்விட்டார். அக்கா வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் காப்பியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருவான்மியூருக்குப் பஸ் ஏறினேன். மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடி, மூன்றாம் மாடி. அக்காவின் மகள் கதவைத் திறந்தாள். உள்ளே அந்த அக்கா, பெரிய மாமி, ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். தங்கையின் அதே நெற்றி, அதே தாடை.

"யாரு?"

"புஸ்தகக் கம்பெனியிலேர்ந்து வரேன் மாமி."

"நான்தான் கேட்டாச்சே. இன்னும் எத்தனை தடவை கேக்கணும்?"

நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, அவர் மாற்றித்தான் எழுதினார், நான் மாற்றாத பிரதியை அனுப்பிவிட்டேன், அவருடைய எழுத்து என் கையில் இருக்கிறது. மகள் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு ஒட்டிய தாளைப் பிரித்துப் படித்தேன்.

மாமி அதில் அக்காவை நாக்பூரில் ஒரு சமையலறையில் நிறுத்தியிருந்தார். போன் வைத்த பிறகும் அவள் அதன் பக்கத்திலேயே நிற்கிறாள். பெட்டியைக் கட்டுகிறாள், மறுபடி பிரிக்கிறாள். அம்மா வராதே என்றாள், தங்கை வா என்கிறாள். "அம்மாவிடம் எத்தனையோ பேர் எத்தனையோ சத்தியம் செய்தார்கள். காப்பாற்றினவள் அக்கா ஒருத்திதான். அதற்கு நான் கொடுத்த பெயர் வேறு" என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படித்தேன்.

பெரிய மாமி புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தாளைத் தடவினார்.

"பென்சிலா?"

"ஆமாம் மாமி."

"அவளுக்குப் பேனா பிடிக்காது. அழிக்க முடியாதும்பா." விரல் கீழே இறங்கி நின்றது. "இது என்ன, எண் மாதிரி இருக்கே?"

"தேதி மாமி. திருத்தினா தேதி போடணும்னு எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம்."

"படி."

படித்தேன். அவர் மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். உதடு அசைந்தது. பிறகு மகளைப் பார்த்து, "உன் சித்தியோட ஆத்துக்காரர் போனப்போ கூட நான் போகலையேடி. அதுக்கும் ஆறு வருஷம் முன்னாடியே எழுதிட்டாளே" என்றார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய மாமி என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

"இத்தனை வருஷமா இது எங்கே இருந்தது?"

"எங்க ஆபீஸ் பீரோவுல."

"பூட்டியா?"

"ஆமாம் மாமி" என்றேன். "பத்திரமாத்தான் வெச்சிருந்தோம்."